மெல்லினம்

ஸுல்ஃபாவுக்கு இருபத்திரண்டு வயது.
அவளிடம் பயிற்சிக்கு வந்த எனக்கு நாற்பத்தொன்று.
லாயத்து அடையாள அட்டையில் என் படம்
மகளைத் தேடி வந்த அம்மாபோல் இருக்கிறது.

விடியுமுன் 975 பேருந்தில்
நானும் ஓட்டுநரும் மட்டும்.
இடுகாடு கடந்து, மீன்பண்ணை கடந்து,
சுடுபயிற்சி எச்சரிக்கைப் பலகை கடந்து
லிம் சூ காங் சாலையில்
லத்தி வாசனை வருமிடத்தில் மணியை அழுத்துவேன்.

முதல் மூன்று வாரம் எந்தக் குதிரைமேலும் ஏறவில்லை.
பதினோரு கொட்டடி. பதினோரு தள்ளுவண்டி.
ஈரப் புல்லை எடைபோடக் கற்றேன்.
குளம்பைத் தூக்கி, கொக்கியால் மண் கிளறி,
உள்ளே மெத்தென்றிருக்கும் முக்கோணத்தைத்
தொடாமல் விடக் கற்றேன்.
கணக்காய்வில் பதினெட்டு வருடம்.
இவ்வளவு நேரம் எதன் அடிப்பக்கத்தையும் பார்த்ததில்லை.

பிறகு கோப்பி.
பந்தயத் திடலில் அவன் பெயர் சில்வர் டெபாசிட்.
ஒன்பது ஓட்டம், ஒரே ஒரு மூன்றாமிடம்.
இடப்பக்கமே திரும்பித் திரும்பி வளர்ந்தவன்.
வலப்பக்கம் என்று ஒன்று இருப்பதை
யாரும் அவனிடம் சொன்னதில்லை.

இந்த ஊர் வெக்கையில்
வியர்ப்பதையே நிறுத்திவிட்டான்.
சில குதிரைகளுக்கு அப்படி ஆகுமாம்.
மின்விசிறி, குழாய்நீர், நீர் வழிக்கும் பட்டை,
மறுபடி குழாய்நீர்.
தோளில் கைவைத்தால்
உச்சிவெயிலில் நின்ற சுவர்.

போர்விமானம் தலைக்குமேல் வானத்தைக் கிழித்துப் போனாலும்
காதுகூட அசையாது.
வேலியில் சிக்கிய ஃபேர்பிரைஸ் பை
ஒருமுறை படபடத்தது.
நான் மணலில் கிடந்தேன்.

'குதிகால் கீழே!' என்று கத்துவாள் ஸுல்ஃபா, ஆங்கிலத்தில்.
குதிரையில் இருக்கும் குதி
என் காலிலும் இருப்பதை
எனக்குள் தமிழில் கண்டுபிடித்துச் சிரித்தேன்.
அதற்கும் திட்டு.

மணல் திடலைச் சுற்றி எழுத்துகள்:
ஏ, கே, ஈ, எச்.
யாரோ கைதவறிக் கொட்டிய நெடுங்கணக்கு.
நடுவில் எக்ஸ்.
அது எங்கும் எழுதியிருக்காது.
அங்கே வந்து நிற்க வேண்டும்.

நிற்கமாட்டான்.
இழுத்தால் இன்னும் ஓடுவான்.
கடிவாளம் இறுகினால் சாய்ந்துகொள், விரை என்பதே
அவன் படித்த பாடம்.
நானும் விடாமல் இழுத்தேன்.
இரவில் சாப்பாட்டுக் கரண்டி கையில் நிற்கவில்லை.

ஒரு பிற்பகல் மின்னல் எச்சரிக்கை ஊதியது.
எல்லோரும் உள்ளே.
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து சேணத்துக்கு சோப்பு தேய்க்கையில்
நிருபன் அழைத்தான்: 'மா, தன்வினை பிறவினை. நாளைக்குப் பரீட்சை.'

திரும்பினான், திருப்பினான்.
அடங்கினான், அடக்கினான்.
திருந்தினான், திருத்தினான்.
'கவனி. நடுவில் மெல்லினம் இருந்தால்
அவனே செய்கிறான்.
அதை வல்லினமாக்கினால்
இன்னொருவன்மேல் செய்கிறான்.'

'ஓ. ஓகே மா.' வைத்துவிட்டான்.

நான் வைக்கவில்லை.
மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.
என் இரண்டு கைகளையும் பார்த்தேன்.
முட்டிவரை வல்லினம்.

மறுநாள் வலப்பக்க வட்டம்.
அவனைத் திருப்பவில்லை.
நான் திரும்பினேன்:
முதலில் கண், பிறகு தொப்புள்,
விரல்களுக்கிடையில் வார் ஒரு ஙகரம்போல் தளர.
ஒரு காது பின்னால் வந்து என்னைக் கேட்டது.
நான்கு தப்படி வளைந்து வந்தான்.
ஐந்தாவதில் பை ஏதோ நினைவுக்கு வந்துவிட்டது.
ஆனாலும் நான்கு.

எக்ஸில் மூச்சை விட்டு நின்றேன்.
கொஞ்சம் தாமதமாக அவனும்.

'இடது பின்னங்கால் வெளியே நிற்கிறது' என்றாள் ஸுல்ஃபா.
'மறுபடி.'
மலாய்க்காரியிடம் ஙகரத்தை எப்படிச் சொல்வது?
மறுபடி போனோம்.

சேணம் கழற்றும்போது
அவன் காதுக்குப் பின்னால் ஈரம்.
குழாயை நான் இன்னும் திறக்கவில்லை.
என் வியர்வையாகவும் இருக்கலாம்.
குறிப்பேட்டில் எழுதவில்லை.
ஒன்பதாம் கொட்டடி காத்திருந்தது,
தள்ளுவண்டியை எடுத்தேன்.